70 நாள் பயிர், வயலிலேயே விடை: சேலத்தில் பயறு நோயியல் வேலையைக் கற்றுக்கொள்வது எப்படி

உளுந்து 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். 25ஆம் நாளில் இலை மஞ்சளாவதைப் பார்க்கும் விவசாயி சில நாள் பொறுத்துப் பார்ப்பார். பிறகு உரக்கடையில் சொன்ன மருந்தை அடிப்பார். அது கேட்கவில்லை என்று உங்களிடம் வரும்போது பயிருக்கு 35 நாள் ஆகியிருக்கும், செடி பூவெடுத்திருக்கும். நீங்கள் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்து வைரஸின் பெயரைச் சொன்னால் அதற்குள் செடி அறுவடையை நெருங்கியிருக்கும்.

ஆகவே சிறு விவசாயிகளின் பயறு வயல்களில் வேலை செய்ய விரும்பும் நோயியல் மாணவர் இரண்டு வகை விடைகளைப் பழக வேண்டும். ஒன்று வயலில் நின்றபடியே சொல்வது, மற்றொன்று ஆய்வகத்தில் உறுதி செய்து அடுத்த பட்டத்துக்கு, அதாவது அடுத்த விதைப்புப் பருவத்துக்குப் பயன்படுவது. கல்லூரியில் இரண்டாவதை நன்றாகவே கற்றுத்தருகிறார்கள். முதலாவதைப் பெரும்பாலும் நீங்களாகத்தான் கற்க வேண்டியிருக்கும் என்பதால் இந்த வழிகாட்டி அதில்தான் அதிக நேரம் நிற்கிறது.

படிப்பு

பிளஸ் டூவில் உயிரியல் பாடங்களோ வேளாண் தொழிற்பிரிவோ எடுத்தவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு இளநிலை வேளாண்மைக்கு விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, கிள்ளிகுளம் ஆகிய ஊர்களிலும் வேறு சில இடங்களிலும் அதன் கல்லூரிகள் உள்ளன. பிறகு பயிர் நோயியலில் இரண்டு ஆண்டு முதுநிலை, அதன்மேல் முனைவர் பட்டம். வேளாண் அறிவியலாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேசியத் தகுதித் தேர்வை முதுநிலை முடித்த கையோடு எழுதிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பாடம் மறந்துவிடும்.

வேலை எங்கே? வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிர்ப் பாதுகாப்பு வல்லுநர் பணி உண்டு, சேலத்துக்கான நிலையம் சந்தியூரில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இதே மாவட்டத்தில் ஏத்தாப்பூரிலும் ஏற்காட்டிலும் உள்ளன. ஏத்தாப்பூர் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும், ஏற்காடு தோட்டப் பயிர்களுக்கும் உரியவை. பயறுக்கே உரிய நிலையம் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கிறது. கான்பூரில் உள்ள இந்தியப் பயறு ஆராய்ச்சி நிறுவனமும், ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டும் அடுத்த வட்டம். தேர்வாணையம் வழியாக மாநில வேளாண்மைத் துறைக்குப் போகிறவர்களும் உண்டு. விதை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன.

படிக்கும்போது ஒரு தவறான கணக்குப் போடாதீர்கள். நோயியல்தான் நம் துறை என்று பூச்சியியலையும் மண்ணியலையும் தேர்வுக்கு மட்டும் படித்தால் வயலில் மாட்டிக்கொள்வீர்கள். ‘நோய்’ என்று சொல்லி உங்களிடம் கொண்டுவரும் செடிகளில் கணிசமானவை நோயே அல்ல. இலைப்பேன், சிலந்திப்பேன், இரும்புச்சத்துக் குறை, பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்றில் வந்த களைக்கொல்லி என்று எதுவாகவும் இருக்கும். புள்ளியியலையும் விடாதீர்கள், அதன் தேவை பின்னால் வருகிறது. இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பெறும் பயிற்சியைச் சும்மா கழிக்காமல், பார்த்த நோய்ச் செடி ஒவ்வொன்றையும் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, ஊர், ரகம், விதைத்த நாள் எழுதிச் சேர்த்து வையுங்கள். எந்தப் பாடப்புத்தகப் படத்தையும்விட அந்தக் கட்டு உங்களுக்கு உதவும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கூரான கத்தி, களைக்கொத்து, பழைய செய்தித்தாள், காகித உறைகள், பென்சில், சிறு குப்பியில் 70 சதவீத எத்தனால், சிலிக்கா ஜெல் போட்ட மூடிவைக்கும் பிளாஸ்டிக் உறைகள், ஒரு வெள்ளைத்தாள். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை ஓடிவிடும். வெள்ளைத்தாள் எதற்கென்றால், பூவையும் குருத்தையும் அதன்மேல் தட்டினால் கண்ணுக்குத் தப்பும் இலைப்பேன்கள் தாளில் ஊர்வது தெரியும். பத்து மடங்கு லென்ஸ் போதும். இருபது மடங்கு வாங்கினால் காற்றில் ஆடும் இலையில் குவியம் நிற்காது.

வயலுக்குள் போகும் முறை

வரப்பில் நின்று ஒரு நிமிடம் முழு வயலையும் பாருங்கள். அது பெரிய அளவு உண்மையைச் சொல்லிவிடும். நோய்ச் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, ஓரத்தில் சற்றுக் கூடுதலாக இருந்தால் பறந்து வரும் பூச்சி கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். வட்டவட்டமாகத் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தால் மண்ணில் உள்ள பூசணத்தை நினையுங்கள். பள்ளத்தில் மட்டும் என்றால் நீர் தேங்கல், மேட்டில் மட்டும் என்றால் மண் ஆழக்குறைவு. வரிசை தப்பாமல், அளவெடுத்தாற்போல் ஒரு பட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் மனிதர் செய்தது, அதாவது தெளிப்பானின் வேலை.

பிறகு குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஐந்து இடங்களில் இருபது இருபது செடிகளாக நூறு செடி எண்ணுங்கள். மோசமாகத் தெரியும் இடத்துக்குக் கால் தானாகப் போகும். அதை அடக்க, எண்ணும் இடங்களை வரப்பில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். எண்ணிய பிறகு நோயுற்ற செடி ஒன்று, பாதி நோயுற்றது ஒன்று, நலமான செடி ஒன்று என மூன்றை வேரோடு தோண்டி எடுங்கள். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அழுகிய வேர் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும், கையில் வருவது நல்ல வேர் மட்டும்தான்.

கேள்விகள் அடுத்தது. எடுத்தவுடன் “என்ன மருந்து அடிச்சீங்க?” என்று கேட்டால் விவசாயி தற்காப்புக்குப் போய்விடுவார். “விதை எங்கீங்கண்ணா எடுத்தீங்க? போன போகம் இதுல என்ன இருந்துச்சு? விதைச்சு எத்தனை நாளாச்சுங்க?” என்று தொடங்கினால் மருந்துக் கதை தானாக வரும். வயதில் மூத்தவர் என்றால் ‘ஐயா’, பெண்கள் என்றால் ‘அக்கா’, ‘அம்மா’. பயறு வயலில் களையெடுப்பதும் காய் பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள் என்பதால், நோய் முதலில் எங்கே தெரிந்தது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பட்டாவில் பெயர் உள்ளவரை மட்டும் கேட்டுவிட்டு வருவது அரைகுறை வேலை.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் அல்ல

சேலம் சமவெளியில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது உளுந்து, பாசிப்பயறு மஞ்சள் தேமல். இளம் இலையில் சிறு மஞ்சள் புள்ளிகளாகத் தொடங்கி, பச்சையும் பளிச்சென்ற மஞ்சளும் ஒழுங்கற்ற திட்டுகளாகக் கலந்து, கடைசியில் இலை முழுதும் மஞ்சளாகும். காய் சிறுத்து மஞ்சளாகி மணி சுருங்கும். இந்த வைரஸ் வெள்ளை ஈ வழியாகப் பரவுகிறது. கை பட்டோ கத்தி பட்டோ சாறு பட்டோ ஒட்டாது. வெள்ளை ஈ குடித்து ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் செடி மஞ்சளாகும். ஆகவே இன்று நூற்றில் எட்டுச் செடி மஞ்சள் என்றால் அது போன வாரத்துக் கணக்கு. பச்சையாக நிற்பவற்றிலும் சில ஏற்கெனவே தொற்றியவை. இதை விவசாயியிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், நீங்கள் வந்துபோன பிறகு மஞ்சள் கூடியதற்கு உங்கள் ஆலோசனைதான் காரணம் என்றாகிவிடும்.

இரும்புச்சத்துக் குறையும் மஞ்சள்தான், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அடிக்கடி வரும். ஆனால் அங்கே இளம் இலையின் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி சீராக வெளுக்கும். பக்கத்துப் பக்கத்துச் செடிகள் எல்லாம் ஒன்றுபோல வெளுத்திருக்கும். சந்தேகம் தீர மலிவான வழி ஒன்று உண்டு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரே ஒரு வரிசைக்கு மாலையில் தெளித்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு வாரத்தில் புது இலை பச்சை திரும்பினால் இரும்புக் குறை. திரும்பாவிட்டால் மறுபடியும் லென்ஸை எடுங்கள்.

இந்த மாவட்டத்தில் நிச்சயம் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று: “மரவள்ளித் தேமல்தாங்க உளுந்துக்கு வந்துடுச்சு?” ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் மரவள்ளி நிறைய, அதில் ஊடுபயிராக உளுந்து போடுவதும் உண்டு, இரண்டிலும் தேமல், இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ. கேள்வி நியாயமானதே. ஆனால் வைரஸ்கள் வேறு. மரவள்ளியில் வருவது இந்திய மரவள்ளித் தேமல் வைரஸும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸும், அவை உளுந்தில் மஞ்சள் தேமலை உண்டாக்குவதில்லை. மரவள்ளியில் தேமல் பெரும்பாலும் நடும் குச்சியோடே வந்துவிடுகிறது. உளுந்துக்கு ஆபத்தான ஊற்று முன்பே விதைத்த பயறு வயல், தானாக முளைத்த பயறுச் செடிகள், வரப்பில் உள்ள சில பயறுவகைக் களைகள். கொள்ளிலும் மஞ்சள் தேமல் வரும், அதற்கெனத் தனி வைரஸ் ஒன்று தென்னிந்தியாவில் உண்டு.

இலை நெளிவு நோயை மஞ்சள் தேமலோடு சேர்த்துவிடாதீர்கள். அதில் இலை தடித்துச் சுருங்கி, கைக்குக் கரடுமுரடாகத் தெரியும், மஞ்சள் குறைவு. பூங்கொத்து புதர்போல் திரளும், காய் பிடிக்காது. விவசாயிக்கு முக்கியமான வேறுபாடு, இது விதை வழியாக வரும் என்பதுதான். அந்த வயலில் விதைக்கு எடுத்து வைக்கக் கூடாது என்பதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அறுவடைக்குப் பிறகு சொன்னால் விதை குதிருக்குள் போயிருக்கும்.

சாம்பல் நோயைக் காட்டித்தர யாரும் வேண்டாம், இலைமேல் மாவு தூவியதுபோல் இருக்கும். மார்கழி, தைப் பனியில் வேகம் பிடிக்கும். ஓங்கிப் பெய்யும் மழை இதற்கு ஆகாது. ‘பூசணம் என்றால் ஈரம்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வேரழுகலில் செடி திடீரென வாடும். தரை மட்டத்தில் தண்டின் பட்டையை நகத்தால் கீறினால் நார்நாராகப் பிரியும், உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கருமணிகள் இருக்கும். அவை மேக்ரோபோமினா பூசணத்தின் உறங்கும் உடலங்கள். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் இது தலையெடுக்கும். துவரை வாடலில் பட்டை நன்றாகவே இருக்கும். தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே நீர் போகும் குழாய்கள் பழுப்பு அல்லது கருப்புக் கோடுகளாகத் தெரியும். வாடிய செடியைப் பிளக்காமல் பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான கருத்து. செலவு ஒரு கத்திதான்.

துவரையில் ஏமாற்றும் நோய் மலட்டுத் தேமல். செடி வாடாது, சாகாது. இலை சிறுத்து வெளிர்ந்து, புதராகச் செழித்து நிற்கும், பூ மட்டும் இராது. விவசாயி உரம் கூடிவிட்டது என்று நினைப்பார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன் இந்த வைரஸைக் கொண்டுவருகிறது. வரப்பில் வெட்டி விட்டுத் தழைக்கவிட்ட பழைய துவரைச் செடிதான் அடுத்த பருவத்துக்கு ஊற்று. இக்ரிசாட்டில் ஒய்.எல். நேனேயும் சகாக்களும் 1970களில் ஒரு எளிய சோதனை முறையைக் கொண்டுவந்தார்கள். நோய்ச் செடியின் இலையைச் சிலந்தியோடு, நாற்றின் முதல் இலையில் ஸ்டேப்ளரால் பிணைத்துவிடுவார்கள். இலை காயக்காயச் சிலந்திகள் நாற்றுக்கு இடம்பெயரும். ரகங்களின் எதிர்ப்புத் திறனை அறிய இன்றும் அது பயன்படுகிறது, ஒரு பட்டதாரி மாணவரும் செய்யக்கூடியது.

மலைமேல் வேறு கணக்கு

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேவராயன் மலையில் மூடுபனியால் இலை காலை வெகுநேரம் நனைந்தே இருக்கும். சமவெளியில் வெள்ளை ஈயைத் தேடிப் பழகிய கண் இங்கே பீன்ஸிலும் அவரையிலும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் பழக வேண்டும். ஆந்த்ராக்னோஸ் எனப்படும் கரும்புள்ளி நோயில் அடி நரம்புகள் செங்கருப்பாகும், காயில் உள்வாங்கிய வட்டப் புண்கள் வரும், ஈரத்தில் அவற்றின் நடுவே இளஞ்சிவப்புக் கசிவு இருக்கும். அது விதையோடு போகும் நோய், குளிரும் ஈரமும் வேண்டும். துரு நோயில் பழுப்புத் தூள் விரலில் ஒட்டும்.

காப்பித் தோட்டத்துக்குள் பீன்ஸ் போட்டவர்கள் காப்பித் துருதான் பீன்ஸுக்கு வந்தது என்பார்கள். இரண்டும் வேறு பூசணங்கள், ஒன்றின் பயிரை மற்றது தொடாது. மலையில் முதலில் சொல்ல வேண்டிய ஆலோசனைக்குக் காசு செலவில்லை: செடி நனைந்திருக்கும்போது உள்ளே இறங்கிக் காய் பறிக்காதீர்கள். கையும் துணியும் பூசண வித்துகளை வரிசை வரிசையாகக் கொண்டுபோகும். பனி உலர்ந்த பிறகு பறிக்கலாம். புண் உள்ள காயிலிருந்து விதை எடுக்கக் கூடாது என்பது அடுத்தது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில் அவரை, மொச்சை விதையைத் தாங்களே காத்து வருகிறார்கள். அந்த விதையைக் குறைசொல்லாமல், எந்தக் கொடியிலிருந்து எடுப்பது என்பதைச் சேர்ந்து நின்று தேர்ந்தெடுப்பதுதான் முறை.

மாதிரி எடுப்பதும் அனுப்புவதும்

மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வெயிலில் நின்ற வண்டிக்குள் பிளாஸ்டிக் பையில் வந்த செடியைத் திறந்தால் அழுகல் வாடைதான் வரும். உண்மையான நோய்க்கிருமிக்கு மேல் பத்து வகைப் பாக்டீரியா வளர்ந்திருக்கும். பூசண நோய் இலையைச் செய்தித்தாளில் சுற்றிக் காகித உறையில் போடுங்கள். வேரை மண்ணோடு எடுத்து, வேர்ப்பகுதியை மட்டும் பிளாஸ்டிக்கில் கட்டி, இலைப்பகுதியைக் காகிதத்தில் விடுங்கள். வைரஸுக்கு அறிகுறி தெளிவாகத் தெரியும் இளம் இலை வேண்டும். அதைச் சிறு துண்டுகளாக்கிக் காகிதத்தில் மடித்து, இலையைப் போல் சுமார் பத்து மடங்கு எடையுள்ள சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். நலமான செடியின் இலையும் ஒன்று தனி உறையில் போகட்டும். ஒப்பிட அது இல்லாமல், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்பவர் தவிப்பார்.

முழுக்கச் செத்த செடியை அனுப்பாதீர்கள். அதில் கிடைப்பது பிணம் தின்ன வந்த பூசணம், கொன்றது அல்ல.

ஆய்வகத்தில்

இலைப்புள்ளியும் வேரழுகலும் என்றால் நோய்ப் பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் விளிம்பில் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஈரம் ஒற்றி, பூசணம் வளர்க்கும் ஊடகத்தில் வையுங்கள். ஊடகத்துக்கு ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கின் வடிசாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார் சேர்த்து, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் வைக்க வேண்டும். ஈரம் ஒற்றாமல் வைத்தால் தட்டு முழுதும் பாக்டீரியா வழுவழுப்பாகப் பரவும். தொடக்க மாணவர்கள் தட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். மேக்ரோபோமினா 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வளர்ந்து சில நாளில் தட்டைக் கருப்பாக்கும்.

வளர்ந்ததை நலமான நாற்றில் செலுத்தி, அதே நோய் வந்து, மறுபடி அதே பூசணத்தைப் பிரித்தெடுத்தால்தான் அது குற்றவாளி. ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் கோக் வகுத்த விதி அதுதான். வாடிய செடி எதிலும் ஃபியூசேரியம் என்னும் பூசணம் கிடைக்கக்கூடும் என்பதால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. சாம்பல் நோய், துரு, வைரஸ் மூன்றும் செயற்கை ஊடகத்தில் வளராது. அவற்றை உயிருள்ள செடியில்தான் வைத்திருக்க முடியும்.

என்ன சொல்லி அனுப்புவது

விஞ்ஞானக் கட்டுரை எக்டேரில் பேசும், விவசாயி ஏக்கரிலும் செண்டிலும் பேசுவார். ஒரு எக்டேர் 2.47 ஏக்கர். எக்டேருக்கு எழுதிய அளவை ஏக்கருக்குச் சொல்லிவிட்டால் இரண்டரை மடங்கு மருந்து விழும். ஆகவே எல்லாவற்றையும் ஏக்கருக்கும் பத்து லிட்டர் டேங்குக்கும் மாற்றி எழுதிப் பழகுங்கள்.

வெள்ளை ஈ ஏற்கெனவே வைரஸைச் செலுத்திவிட்ட செடியை எந்த மருந்தும் குணப்படுத்தாது. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. முதல் 30 நாளுக்குள் மஞ்சள் செடி குறைவாக இருந்தால் பிடுங்கிப் புதைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் பரவிவிட்டது என்றால், பிடுங்கிக் கூலி செலவழிப்பதில் பலன் இல்லை என்பதே எங்கள் மதிப்பீடு. காய் பிடித்த பிறகு வந்த மஞ்சளுக்கு மருந்தடிக்கவே வேண்டாம். உரக்கடையில் பூச்சிமருந்து, பூசணமருந்து, டானிக் மூன்றையும் கலந்து கொடுத்திருந்தால், எது எதற்கு என்று பிரித்துச் சொல்லி, தேவையில்லாததைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கடைக்காரரைத் திட்டுவதால் ஆவது ஒன்றுமில்லை. அடுத்த பருவத்திலும் விவசாயி அங்கேதான் கடன் வாங்குவார்.

மஞ்சள் தேமலுக்கு உண்மையான மருந்து விதைக்கும் முன்தான் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 போன்ற எதிர்ப்புத் திறன் கொண்ட உளுந்து ரகம். வாங்கும்போது சான்று விதைக்கு நீல அட்டை இருக்க வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும், அதைக் கிலோவுக்கு 5 மி.லி. இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். என்னும் பூச்சிமருந்து கொண்டு நேர்த்தி செய்யலாம். வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டால் வெள்ளை ஈ நுழைவது குறையும். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம். பொறி எச்சரிக்கைக்குத்தான், அதுவே ஈயை ஒழித்துவிடாது. 30ஆம் நாளில் 10 சதவீத நொச்சி இலைச்சாறு தெளிப்பதும் பரிந்துரையில் உண்டு.

வேரழுகலுக்கு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, அது நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம். மண்ணில் இட ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து தூவலாம், 60 கிலோ வேப்பம்பிண்ணாக்கு அடியுரமாகப் போடலாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பூசணமருந்தான கார்பெண்டசிம் கலந்த விதையிலேயே டிரைக்கோடெர்மாவையும் கலப்பது. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான், அந்த மருந்து அதையும் கொன்றுவிடும். இரண்டில் ஒன்றுதான். தழைச்சத்தைப் பிடித்துத்தரும் ரைசோபியம் பாக்டீரியாவைக் கலப்பதானால் பூசணமருந்து நேர்த்தி முடிந்து ஒரு நாள் இடைவெளி விட்டு, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்த வேண்டும். டிரைக்கோடெர்மா பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில் படும் அலமாரியில் கிடந்தது என்றால் தேதி இருந்தும் பயனில்லை. சந்தேகமானால் ஒரு சிட்டிகையைத் தட்டில் தூவி வளர்த்துப் பார்க்கலாம். சில நாளில் பச்சை படர வேண்டும்.

சாம்பல் நோய்க்கு முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்தவுடன் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து, 20 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வடிகட்டுவதில் சோம்பினால் நாசில் அடைத்து விவசாயி பாதியில் விட்டுவிடுவார். வேப்பெண்ணெய் 3 சதவீதம் என்றால் பத்து லிட்டர் டேங்குக்கு 300 மி.லி. எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலோடு பால்போல் கலக்கிவிட்டுத்தான் நீர் ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் மேலே மிதந்து, கடைசியில் அடித்த வரிசை மட்டும் கருகும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம். உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது, எண்ணெய் அடித்த சில நாளுக்குள்ளும் கூடாது, இலை தீயும். எந்த வேதி மருந்தாக இருந்தாலும் அந்தப் பயிருக்கு, அந்த நோய்க்கு மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 

விவசாயி வயலில் சோதனை வைப்பது

ஆராய்ச்சி நிலைய வயலில் வென்ற முறை இரண்டு ஏக்கர்க்காரரின் மானாவாரியில் தோற்கலாம். ஆகவே அவர்கள் வயலிலேயே பார்க்க வேண்டும். ஒருவரிடம் எட்டு வகையை நடச் சொல்லாதீர்கள். ஆறேழு விவசாயிகளிடம் ஆளுக்குப் பத்து செண்ட் வீதம் இரண்டு துண்டு நிலம் வைத்து, ஒன்றில் அவர்கள் வழக்கம், மற்றொன்றில் புதிய முறை. ஒவ்வொரு விவசாயியும் ஒரு மறுபதிப்பு, அதாவது அதே சோதனையை இன்னொரு முறை செய்வது. வெள்ளை ஈ பக்கத்துப் பாத்திக்கும் பறக்கும் என்பதால் பூச்சிமருந்துச் சோதனையைச் சிறு பாத்திகளில் ஒட்டி ஒட்டி வைத்தால் வேறுபாடு மறைந்துவிடும். ரகச் சோதனையில் சிக்கல் தலைகீழ், எல்லா வரிசைக்கும் நோய் சமமாகக் கிடைக்க வேண்டும். எளிதில் நோய் தொற்றும் கோ 5 போன்ற உளுந்தை இடையிடையே வரிசையாகவும் சுற்றிலும் விதைப்பது அதற்காக. கோ 5 மஞ்சளாகாத பருவத்தில் எந்த ரகமும் ‘எதிர்ப்புத் திறன் உள்ளது’ என்று எழுதக் கூடாது. அந்த ஆண்டு ஈ வரவில்லை, அவ்வளவுதான்.

நோயின் கடுமைக்கு ஏற்பச் செடிகளுக்கு மதிப்பெண் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. நோய்க் குறியீடு என்பது எல்லாச் செடிகளின் மதிப்பெண்களையும் கூட்டி, செடி எண்ணிக்கையையும் உச்ச மதிப்பெண்ணையும் பெருக்கிய தொகையால் வகுத்து, நூறால் பெருக்குவது. 50 செடியில் 20க்கு 1, 15க்கு 3, 10க்கு 5, 5க்கு 9 என்று வைத்தால் கூட்டுத்தொகை 160. உச்சம் 450. குறியீடு 35.6. ஆனால் 1 முதல் 9 வரையுள்ள அளவுகோலில் நோயற்ற செடிக்கும் 1 என்றால், ஒரு புள்ளிகூட இல்லாத வயலுக்கும் 11.1 வந்துவிடும். 0வில் தொடங்கும் அளவுகோலில் எடுத்த எண்ணோடு இதை ஒப்பிட்டுப் ‘புதிய முறை நோயைக் குறைத்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. எந்த அளவுகோல் என்பதை அட்டவணைக்கு மேலேயே எழுதுங்கள். நோயுற்ற செடி விழுக்காட்டையும் தனியாகக் கொடுங்கள்.

கடைசியாகக் கணக்கு. மகசூலை எடை போடும்போது காயோடு அல்ல, அடித்துத் தூற்றி உலர்த்திய மணியாகப் போடுங்கள். வைரஸ் தாக்கிய காயில் தோல் இருக்கும், மணி இராது. இரண்டு பத்து செண்டிலும் வந்த மணியின் விலையிலிருந்து விதை, மருந்து, தெளிப்புக் கூலி மூன்றையும் கழித்து விவசாயி முன்னிலையிலேயே தாளில் எழுதுங்கள். புதிய முறையில் நோய் பாதியாகக் குறைந்தும் கையில் மிஞ்சியது குறைவாக இருந்தால், அந்தத் தாளின் நகல் ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டு, அடுத்த பட்டத்துக்கு முறையை மாற்றிக்கொண்டு வாருங்கள்.